கூட்டுக் கடை ஒருவர் கடையாகும்போது வரிக் கணக்கு

(சிங்கப்பூர் வணிகர் கலந்துரையாடலில் ஆற்றிய உரை)



நம்மவர் கூட்டுக் கடை என்றால் பெரும்பாலும் காக்காவும் தம்பியும், இல்லையேல் மாமனும் மச்சானும் சேர்ந்து நடத்துவதுதான். ஒருவர் வயதாகி ஊரோடு தங்கிவிடுவார். மற்றவர் கடையைத் தொடர்வார். எங்கள் கடையும் அப்படித்தான் ஒருவர் பெயருக்கு வந்தது. அல்ஹம்துலில்லாஹ், மனத்தாங்கல் இல்லாமல் முடிந்தது. கணக்கை முன்னதாகவே பேசிக்கொண்டதுதான் காரணம். நாங்கள் பார்த்துச் செய்தவற்றை உங்கள் முன் வைக்கிறோம்.

முதலாவது, தேதி. கூட்டு முடியும் நாளை எழுதி இருவரும் கையெழுத்திட வேண்டும். அக்ராவில் 14 நாட்களுக்குள் மாற்றத்தைப் பதிய வேண்டும். அன்றைய சரக்கை எண்ணி, வரவேண்டிய கடன், கொடுக்கவேண்டிய கடன் எல்லாம் எழுதி ஐந்தொகை போட்டுவிட வேண்டும். வரிக் கணக்கு அந்த நாளை வைத்துத்தான் இரண்டாகப் பிரிகிறது.

இரண்டாவது, வருமான வரி. கூட்டுக் கடை தன் பெயரில் வருமான வரி கட்டுவதில்லை. ‘படிவம் பி’ மூலம் இலாபத்தைக் காட்டும். அவரவர் பங்குக்கு அவரவர் கட்டுவார். ஜூன் 30 வரை இலாபம் 60,000 வெள்ளி, சம பங்கு என்று வைத்துக்கொள்வோம். அதன்பின் டிசம்பர் வரை 40,000 வெள்ளி. விலகியவர் கணக்கில் 30,000. தொடர்பவர் கணக்கில் 70,000. மறு ஆண்டு ஏப்ரல் 18க்குள் இருவரும் மின்வழி அறிவிக்க வேண்டும். பணத்தைக் கடையிலேயே விட்டிருந்தாலும் பங்குக்கு வரி உண்டு. பங்காளி எடுக்கும் ‘சம்பளம்’ கடைச் செலவாகாது. அதுவும் இலாபப் பங்கே.

வரிச் சீட்டு வரும்போது காக்கா ஊரில் இருப்பார். ‘யார் கட்டுவது?’ என்ற பேச்சில்தான் உறவு கசக்கும். ஆகவே பங்கைப் பிரிக்கும் அன்றே அந்த வரிக்கான தொகையைத் தனியே எடுத்து வையுங்கள்.

மூன்றாவது, வேன், குளிர்பதனப் பெட்டி போன்றவற்றின் கழிவில் இன்னும் பயன்படுத்தாத மீதம். விலகியவர் பங்குக்குரிய மீதம் தொடர்பவருக்கு வராது. குட்வில்லுக்காகக் கொடுக்கும் தொகை மூலதனம். அதையும் செலவாகக் கழிக்க முடியாது. விலை பேசும்போதே இவற்றை நினைவில் கொள்ள வேண்டும்.

நான்காவது, பொருள் சேவை வரி. பழைய எண் கூட்டுக்கு உரியது. தனி ஆளுக்கு மாறாது. அதை 30 நாட்களுக்குள் ரத்துச் செய்ய விண்ணப்பிக்க வேண்டும். தனி உரிமையாளர் பதிவு கடைக்கு அல்ல, ஆளுக்கு. அவருடைய எல்லாத் தனிக் கடைகளின் விற்பனையையும் கூட்டியே 1 மில்லியன் வெள்ளி வரம்பு பார்க்கப்படும். புதிய பதிவை மாற்ற நாளுக்குள் பெற்று, ஓடும் கடையாகவே முழுதும் கைமாற்றினால், சரக்குக்கு அந்த வரி விதிக்க வேண்டியிராது. வரி 9 விழுக்காடு. சரக்கு நிறைந்த கடைக்கு அது சிறு தொகையல்ல.

கடைசியாக, மவுத். வேறுவிதமாக ஒப்பந்தம் இல்லையென்றால், பங்காளி ஒருவர் மறைந்ததும் சட்டப்படி கூட்டு கலைந்துவிடும். அவர் பங்கு ஃபராயிள் முறைப்படி வாரிசுகளைச் சேர வேண்டும். ஐந்தொகை இல்லாத கடையில் அந்தப் பங்கு எவ்வளவு என்று மனைவி மக்களுக்கு யார் சொல்வது?

கணக்குப் புத்தகங்களை 5 ஆண்டுகள் காப்பது சட்டம். கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்கச் சொன்னது நம் மார்க்கம். கூட்டு நன்றாக ஓடும்போதே, பிரியும் விதத்தையும் எழுதி வைப்போம்.