ஓசூரில் இரவும் வேகுவது ஏன்?
(வேப்பனப்பள்ளிக் கூட்டத்தில் பேசியது)



இங்கே பொழுது சாய்ந்ததும் மாந்தோப்புக் காற்று குளிர்கிறது. ஓசூர் ஆலைகளுக்குப் போன நம் பிள்ளைகளுக்கோ, காங்கிரீட் தளத்தின் கீழ் வாடகை அறையில் நடுநிசியிலும் உறக்கமில்லை. சூரியன் ஒன்றுதானே, ஏன் இந்தப் பேதம்?

ஈர மண்ணும் மரமும் நீரை ஆவியாக்கி வெப்பத்தைத் தணிக்கின்றன. சிமெண்டும் தாரும் பகலெல்லாம் வெப்பத்தைக் குடித்து இரவில் கக்குகின்றன. நெருங்கிய சுவர்கள் அதை எளிதில் வெளியேற விடுவதில்லை. இயந்திரங்களும் வாகனங்களும் மேலும் சூடேற்றுகின்றன. நகரத்துக்கும் நாட்டுப்புறத்துக்கும் இரவில்தான் வேற்றுமை அதிகம் என்று, லண்டனில் அளந்து பார்த்த லூக் ஹோவர்டு பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே எழுதினார்.

2024-ல் தமிழக அரசு வெப்ப அலையைப் பேரிடராக அறிவித்தது. இறந்தோர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் என்றது. செத்த பின் நிவாரணம் மட்டும் போதுமா? ஏரிகளைக் காக்கவும், மரங்கள் நடவும், தொழிலாளர் குடியிருப்புத் தளங்களுக்குச் சுண்ணாம்பு பூசவும் ஒன்றுபட்டுக் கோருவோம். மனிதன் கூட்டிய வெப்பத்தை மனிதனே தணிக்க முடியும்!