வாக்குச்சாவடியில் ஒரு விழிப்புள்ள கண்

(நாகபுரியில் நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இன்னிசையும் நாடகமும் காத்திருக்கும் வேளையில் தேர்தலைப் பற்றிப் பேச வந்திருக்கும் இந்த இரயில்வே எழுத்தரைப் பொறுத்தருள வேண்டுகிறேன். நான் பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவன்; சட்டம் கற்றவன் அல்லன். தேர்தல் பணிக்கு அழைக்கப்பட்டபோது பெற்ற பயிற்சி ஒன்றே என் மூலதனம்.

அப்பயிற்சிக்குச் சில ஆண்டுகள் முன்னர் நிகழ்ந்தது இது. எதிர் வீட்டுப் பாட்டியம்மையை வாக்களிக்க அழைத்துச் சென்றேன். வெயிலில் வெகுநேரம் நின்று உள்ளே சென்ற அவரிடம், "உங்கள் வாக்கு முன்பே பதிவாகிவிட்டது" என்று கூறிவிட்டார்கள். அவர் விரலிலோ மையின் சுவடே இல்லை. அவர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். இருவரும் வீடு திரும்பினோம். அடுத்த தேர்தல் வரை அவர் உயிரோடு இல்லை.

பின்னர்ப் பயிற்சி வகுப்பில் அமர்ந்தபோதுதான் என் அறியாமை எனக்கு விளங்கியது. தம் பெயரில் வேறொருவர் வாக்களித்துவிட்டார் என்று கூறுபவர் தம்மை இன்னார் என மெய்ப்பித்தால், அவருக்கு அச்சிட்ட வாக்குச்சீட்டு தரப்பட வேண்டும். இதனை ஆய்வுக்குரிய வாக்கு என்பர்; 1961ஆம் ஆண்டுத் தேர்தல் நடத்தை விதிகளில் இதற்கு இடமுண்டு. அன்று இதனை அறிந்திருந்தால் அந்த அம்மையாரை வெறுங்கையோடு அழைத்து வந்திருப்பேனா?

ஆயினும் ஒன்று சொல்வேன். ஆய்வுக்குரிய வாக்கு உறையிலிட்டு வைக்கப்படுமேயன்றி, வழக்கமான எண்ணிக்கையில் சேராது. ஆதலின் களவு போனபின் முறையிடுவதைவிடக் களவைத் தடுப்பதே மேல். அதற்கென்றே சட்டம் ஒருவரை உள்ளே அமர்த்துகிறது. அவரே வேட்பாளரின் வாக்குச்சாவடி முகவர்.

நல்லெண்ணம் ஒன்றையே துணையாகக் கொண்டு எவரும் சாவடிக்குள் சென்று காவல் நிற்க இயலாது. வேட்பாளரிடமிருந்தோ அவருடைய தேர்தல் முகவரிடமிருந்தோ பத்தாம் எண் படிவத்தில் நியமனம் பெறவேண்டும். எந்தக் கட்சிக்கு என்பது அவரவர் விருப்பம். நம் சங்கம் அதில் தலையிடாது. என் போன்ற அரசு ஊழியர் முகவராகக் கூடாது. மீறினால் மூன்று திங்கள் வரை சிறைத் தண்டனை உண்டு. ஓய்வு பெற்ற பெரியவர்களுக்கும், இல்லத்தரசிகளுக்கும், கல்லூரி மாணவர்களுக்கும் இத்தடை இல்லை. ஆகவே உங்களையே வேண்டுகிறேன்.

முகவரின் பணி யாது? சரக்கு வேகனின் முத்திரையைப் பதிவேட்டோடு ஒப்பிடாமல் நாங்கள் பொறுப்பேற்பதில்லை. அதே வேலைதான் இதுவும். வாக்குப்பதிவுக்கு ஒன்றரை மணி நேரம் முன்னரே செல்க. குறைந்தது 50 வாக்குகளைக் கொண்டு நடைபெறும் மாதிரி வாக்குப்பதிவைக் காண்க. பின்னர் அவ்வாக்குகள் பொறியிலிருந்து நீக்கப்பட்டனவா, ஒப்புகைச் சீட்டுகள் வெளியே எடுக்கப்பட்டனவா எனப் பார்த்து, முத்திரை எண்களைக் குறித்துக்கொள்க.

வாக்காளர் வரும்போது முகம் நோக்குக. ஆள்மாறாட்டம் என்று உறுதியாகத் தோன்றினால், விரலில் மையிடுமுன் 2 ரூபாய் கட்டி ஆட்சேபிக்கலாம். தலைமை அலுவலர் அங்கேயே விசாரிப்பார். வீண் ஆட்சேபமெனில் பணம் திரும்பாது. வாக்காளரை மிரட்டவோ, யாருக்கு வாக்களித்தார் எனக் கேட்கவோ முகவருக்கு உரிமையில்லை. உரிமையைக் காக்கச் சென்றவரே அதனைப் பறிக்கலாகாது.

முடிவு நேரத்தில் வரிசையில் நிற்போர் அனைவரும் வாக்களிக்க உரியவர். வரிசையின் கடைசி ஆளிடமிருந்து தொடங்கி எண்ணிட்ட சீட்டுகள் தரப்படும். இறுதியில் பதிவான வாக்குகளின் கணக்கை 17-சி படிவத்தில் எழுதி, அதன் நகலைத் தலைமை அலுவலர் முகவருக்குத் தரவேண்டும். அதனைப் பெறாமல் எழுந்து வந்துவிடாதீர்கள்.

தமிழர் இங்கே முகவராக அமர்வதால் பயன் என்ன என்று கேட்கலாம். நம் பெயர்கள் மராத்திப் பட்டியலில் உருமாறி நிற்கின்றன. 'அழகம்மாள்' என்பதைப் படிக்க அயலார் தடுமாறுவர். காலனியில் வளர்ந்த பிள்ளை அந்த அம்மையை முகம் கண்டே அறிவான். பெயரில் நேரும் பிழை சிறிதன்று. 1951-52இல் நடைபெற்ற முதல் பொதுத் தேர்தலுக்கான பட்டியலில், 'இன்னாரின் மனைவி', 'இன்னாரின் தாய்' என்று மட்டும் சொல்லித் தம் பெயரைச் சொல்லாத ஏறத்தாழ 28 லட்சம் பெண்களின் பதிவுகள் நீக்கப்பட்டன. ஆதலால் நம் முதற்பணி தேர்தலன்று தொடங்குவதில்லை. குவார்ட்டர்ஸ் மாறியவர்கள் எட்டாம் எண் படிவத்தாலும், பதினெட்டு நிரம்பிய பிள்ளைகள் ஆறாம் எண் படிவத்தாலும் இன்றே பட்டியலைச் செம்மை செய்து கொள்ளுங்கள்.

ஒரு வேண்டுகோளோடு முடிக்கிறேன். தேர்தல் ஆணையம் முகவர்களுக்கென்றே கையேடு வெளியிட்டுள்ளது. நம் சங்கக் கூடத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கூடி அதனைப் படிப்போம். ஒருவர் அலுவலராகவும், ஒருவர் வாக்காளராகவும், ஒருவர் முகவராகவும் இருந்து பழகுவோம். நாடகம் நடிக்கத் தெரிந்த நமக்கு இது அரிதன்று. இனி எந்தப் பாட்டியம்மையும் மையில்லாத விரலோடு வீடு திரும்பலாகாது.