இரண்டு தம்ளர்கள்: ரத்தப் புற்றுநோயும் குடும்பம் என்ற சொல்லும்

(ஆழ்வார்திருநகரியில் தோழர்கள் ஒருங்கிணைத்த வாசிப்பு வட்டக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ரத்தப் புற்றுநோயோடு வாழ்கிறவர்களின் மனநலத்தில் குடும்பத்தின் பங்கு என்ன என்பதுதான் என் முனைவர் பட்ட ஆய்வு. சாதி ஒழிப்பு பேசுகிற மேடையில் இதற்கு என்ன வேலை என்று உங்களில் சிலர் நினைக்கலாம். ஆய்வைத் தொடங்கியபோது நானும் இரண்டையும் வேறுவேறாகத்தான் வைத்திருந்தேன்.

என்னிடம் ஒரு கேள்வித்தாள் இருந்தது. 1988-இல் சிமெட் என்ற உளவியலாளரும் அவருடைய சக ஆய்வாளர்களும் வெளியிட்டது. மொத்தம் 12 கூற்றுகள். குடும்பத்தைப் பற்றி 4, நண்பர்களைப் பற்றி 4, மிக நெருக்கமான ஒருவரைப் பற்றி 4. ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 7 வரை மதிப்பெண். கூட்டிப் பார்த்தால் ஒருவர் தனக்கு எவ்வளவு ஆதரவு இருப்பதாக உணர்கிறார் என்று கணக்குச் சொல்லிவிடும். அதை எடுத்துக்கொண்டு திருச்செந்தூர் - நெல்லை ரயில் போகிற வழியில் இருக்கும் ஊர்களில் வீடு வீடாகப் போனேன்.

இந்த ஊருக்குப் பக்கத்தில் ஒரு காலனியில் ஓர் அண்ணனைப் பார்த்தேன். வாழைத் தோட்டங்களில் தார் வெட்டிச் சுமக்கிற வேலை செய்தவர். கீமோ எடுத்துக்கொண்டிருந்தார். குடும்பம் பற்றிய நான்கு கூற்றுகளுக்கும் தயங்காமல் ஏழு ஏழாகப் போடச் சொன்னார். நான் பேனாவை மூடிய பிறகு சொன்னார்: "எல்லாரும் நல்லாத்தான் பாத்துக்கிடுதாவ தங்கச்சி. தம்ளர மட்டும் தனியா வச்சிட்டாவ."

சிறுவயதில் டீக்கடையில் தனித் தம்ளரில் குடித்து, தானே கழுவி வைத்துவிட்டு வந்தவர் அவர். இப்போது சொந்த வீட்டிலும் ஒரு தனித் தம்ளர்.

அடுப்படியில் இருந்த அவருடைய மனைவியிடம் கேட்டேன். கீமோ கொடுக்கும்போது நோய்க்கிருமியை எதிர்க்கிற வெள்ளை அணுக்கள் மிகவும் குறைந்துவிடும். நமக்குச் சாதாரணச் சளியாகப் போவது அவர்களுக்கு உயிராபத்தாகும். காய்ச்சல் வந்தால் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். இதையெல்லாம் டாக்டர் அந்த அக்காவிடம் சொல்லியிருக்கிறார். அதனால் அவருடைய தம்ளரை மட்டும் தினமும் கொதிக்கிற தண்ணீரில் போட்டு எடுத்துத் தனியாக வைத்திருக்கிறார். அந்த வீட்டிலேயே சுத்தமான பாத்திரம் அதுதான். ஆனால் ஏன் என்று அண்ணனிடம் யாரும் உட்கார்ந்து சொல்லவில்லை. மருத்துவமனையும் சொல்லவில்லை, வீட்டிலும் சொல்லத் தோன்றவில்லை. அவர் தனக்குத் தெரிந்த ஒரே அர்த்தத்தில் அதைப் புரிந்துகொண்டார்.

இரண்டு விலகல்களின் வேறுபாடு இங்கேதான் இருக்கிறது. நம் கிருமி அவரிடம் போய்விடக் கூடாது என்று கையைக் கழுவிக்கொண்டு நாம் தள்ளி உட்காருவது ஒன்று. அவரால் நமக்கு ஏதாவது ஆகிவிடும் என்று வாசலோடு நின்று விசாரித்துவிட்டுப் போவது இன்னொன்று. ரத்தப் புற்றுநோய் தொற்றுநோய் அல்ல. தொட்டால் வராது, பேசினால் வராது. ஆனாலும் வாசலோடு நின்று திரும்பிய உறவினர்கள் அந்த வீட்டுக்கும் வந்திருந்தார்கள். வெளியிலிருந்து பார்க்க இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். தீண்டாமையை அனுபவித்த உடம்புக்கு இரண்டும் ஒன்றாகவே வலிக்கும். கேள்வித்தாளில் இதற்கு இடமில்லை. அதில் அண்ணனுக்கு முழு மதிப்பெண்.

இன்னொரு வீடு. ஊரைச் சொல்லவில்லை. சாதி மறுப்புத் திருமணம் செய்துகொண்ட பெண். பிறந்த வீட்டோடு பல வருடங்களாகப் பேச்சில்லை. எலும்பு மஜ்ஜை மாற்றுச் சிகிச்சை தேவைப்படலாம், கூடப்பிறந்தவர்களை வரச் சொல்லுங்கள் என்று மருத்துவர் சொன்னார். ஒரே தாய் தகப்பனுக்குப் பிறந்த ஒருவரின் மஜ்ஜை முழுமையாகப் பொருந்துவதற்கான வாய்ப்பு நான்கில் ஒன்று. அவருக்கு அண்ணன் ஒருவர், தம்பி ஒருவர். சித்தி மூலமாகச் சொல்லி அனுப்பினார்கள். தம்பி வந்தார். பரிசோதனைக்கு ரத்தம் கொடுத்தார். வார்டுக்குள் வராமலே போய்விட்டார். பொருந்தவில்லை. அண்ணன் கடைசிவரை வரவில்லை.

குடும்பம் பற்றிய கூற்றுகளை வாசித்தபோது அந்தப் பெண் என்னிடம் கேட்டார்: "எந்தக் குடும்பத்தச் சொல்லுதிய? பொறந்த வீடா, இந்த வீடா?" வார்டில் அவருக்குத் தலை துவட்டிவிட்டு, வாந்தியைக் கையில் ஏந்தியவர் மாமியார். கூலி வேலையை விட்டுவிட்டு வந்திருந்தார். நோயில் குடும்பம்தான் துணை என்று சொல்கிறோமே, அந்தக் குடும்பத்துக்குள் யார் இருக்கலாம் என்று சாதி முன்பே முடிவு செய்து வைத்திருக்கிறது. பரிவுகூடச் சொந்தச் சாதியின் எல்லையோடு நின்றுவிடுகிறது என்று 1936-லேயே அம்பேத்கர் 'சாதி ஒழிப்பு' நூலில் வாதிட்டார். அந்த எல்லை மருத்துவமனை வார்டு வாசலிலும் இருக்கிறது.

பாசம் மட்டும் போதும் என்றும் நான் சொல்ல வரவில்லை. ரத்தப் புற்றுநோயில் சிஎம்எல் என்றொரு வகை உண்டு. இமாட்டினிப் என்ற மாத்திரை வந்தபிறகு, தினமும் மாத்திரை சாப்பிட்டுக்கொண்டு பல ஆண்டுகள் வேலை செய்து வாழலாம் என்ற நிலை வந்தது. ஆனால் நோவார்டிஸ் நிறுவனத்தின் கிளிவெக் மாத்திரை அப்போது இந்தியாவில் மாதத்துக்குச் சுமார் 1,20,000 ரூபாயாக இருந்தது. இந்திய நிறுவனங்கள் தயாரித்த அதே மருந்து அதில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவாகக் கிடைத்தது. நோவார்டிஸ் கேட்ட காப்புரிமையை 2006-இல் சென்னைக் காப்புரிமை அலுவலகம் மறுத்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 2013 ஏப்ரல் 1 அன்று நிறுவனம் தோற்றது. அந்த வழக்கில் எதிர்த்து நின்றவர்களில் புற்றுநோயாளிகளுக்கான ஓர் அமைப்பும் உண்டு. அந்தத் தீர்ப்பு வேறுவிதமாக வந்திருந்தால் எத்தனை வீடுகளில் மாத்திரைக்காக வீட்டை விற்பதா, மாத்திரையை நிறுத்துவதா என்ற பேச்சு நடந்திருக்கும்! நோயாளியின் மன நிம்மதி என்பது மருந்து விலையிலும் இருக்கிறது.

முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறது, அரசு மருத்துவமனை இருக்கிறது. உண்மைதான், அதனால்தான் பலர் உயிரோடு இருக்கிறார்கள். ஆனால் துணைக்குப் போகிறவரின் கூலியைக் காப்பீடு தராது. நெல்லை ஹைகிரவுண்டுக்கோ திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையத்துக்கோ போய் வரும் ஒவ்வொரு முறையும் இரண்டு பேரின் கூலி போகிறது. அந்தத் துணை பெரும்பாலும் ஒரு பெண். அவருக்கு யார் ஆதரவு என்று கேட்க என் கேள்வித்தாளில் ஒரு வரிகூட இல்லை. அந்த மாமியார் என்னிடம் கேட்டதும் ஒன்றே ஒன்றுதான். ஒருநாள் முழுக்கத் தூங்க வேண்டும், அதற்கு யாராவது ஒருவர் வார்டில் வந்து உட்கார வேண்டும்.

நாம் செய்யக்கூடியது இங்கே நிறைய இருக்கிறது தோழர்களே. சிகிச்சைக் காலத்தில் தட்டணுக்கள் அடிக்கடி தேவைப்படும். எடுத்த தட்டணுக்களை ஐந்து நாள்தான் வைத்திருக்க முடியும். ஒருமுறை முகாம் நடத்திப் படம் எடுத்துப் போட்டால் போதாது. கூப்பிட்டால் வரும் ஆட்கள் எப்போதும் வேண்டும். மஜ்ஜைக் கொடையாளர் பதிவேடு 2009 முதல் சென்னையில் 'தாத்ரி' என்ற பெயரில் இயங்குகிறது. பதிவு செய்யக் கன்னத்தின் உள்பக்கம் பஞ்சுக்குச்சியால் தடவிக் கொடுத்தால் போதும். அகமணம் தலைமுறை தலைமுறையாக நம்மைச் சின்னச் சின்ன வட்டங்களாகப் பிரித்து வைத்திருக்கிறது. எல்லாச் சமூகத்தாரும் அந்தப் பதிவேட்டில் இருந்தால்தான் எல்லாருக்கும் பொருத்தம் கிடைக்கிற வாய்ப்பு கூடும். குறிப்பாக, கூடப்பிறந்தவர்கள் கைவிட்ட நம் தோழர்களுக்கு.

இன்னொன்று, போய்ப் பாருங்கள். முகக்கவசம் போட்டு, கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, சளி காய்ச்சல் இல்லாத நாளில் போங்கள். "தைரியமா இருங்க" என்று சொல்லிவிட்டுக் கிளம்பாதீர்கள். அவர் பயத்தைச் சொல்ல வந்தால் சொல்லவிடுங்கள். ஏன் தள்ளி உட்காருகிறீர்கள் என்பதை வாய்விட்டுச் சொல்லுங்கள்.

அந்த அண்ணனிடம் அன்றைக்கே அக்கா தம்ளர் விஷயத்தைச் சொன்னார். அவர் ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு, "இத மொதல்லயே சொல்லியிருக்கலாம்லா" என்றார். அந்த வாரம் முழுக்கத் தூங்கவில்லையாம்.

வாசல் மேசையில் ஒரு நோட்டு வைத்திருக்கிறோம். உங்கள் ரத்த வகை, தொலைபேசி எண், எந்தக் கிழமையில் ஒருவரோடு மருத்துவமனைக்குப் போய் உட்கார முடியும் என்பதை எழுதிவிட்டுப் போங்கள். அடுத்த செவ்வாய்க்கிழமைக்கு ஓர் ஆள் தேவைப்படுகிறது.