மூச்சடக்கத் தெரிந்த நெல்

(முன்னாள் மாணவர் சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



"மெக்கானிக்கல் படிச்சவனுக்கு நெல்லைப் பத்திப் பேச என்னடா இருக்கு?" என்று என் விடுதித் தோழன் இப்போதுதான் காதைக் கடித்தான். இருக்கிறது. 2008 நவம்பரில் நிஷா புயல் மழையில் எங்கள் சம்பா வயல் பத்து நாள் மூழ்கிக் கிடந்தது. நான் அப்போது இங்கே இரண்டாம் ஆண்டு. தண்ணீர் வடிந்ததும் அப்பா போனில் சொன்னார்: "பயிர் நெட்டையா வளர்ந்துதாம்பா இருக்கு, ஆனா நிக்க மாட்டேங்குது."

வளர்ந்த பயிர் ஏன் செத்தது? பல வருடம் கழித்துத்தான் விடை தெரிந்தது. நீரில் மூழ்கிய நெல்லுக்குள் எத்திலீன் என்ற ஹார்மோன் வாயு வெளியேற முடியாமல் தேங்குகிறது. அது ஜிப்ரலின் என்ற வளர்ச்சி ஹார்மோனை முடுக்கிவிட, பயிர் தலையை வெளியே நீட்டப் பார்க்கிறது. எட்டாவிட்டால் சேமித்த மாவுச்சத்தெல்லாம் தீர்ந்து சாய்ந்துவிடும்.

மாதக்கணக்கில் நீர் நிற்கும் வங்கதேசத்து ஆழ்நீர் நெல்லுக்கு இந்த நீட்சிதான் உயிர். அதற்கான 'ஸ்நார்கல்' மரபணுக்களை 2009-ல் ஜப்பானியர் கண்டறிந்தார்கள். ஒடிசாவின் பழைய ரகமான எஃப்.ஆர்.13ஏ செய்வது நேர் எதிர். 2006-ல் அதில் கண்டறியப்பட்ட 'சப்1ஏ' மரபணுவையும் அதே எத்திலீன்தான் எழுப்புகிறது. ஆனால் இது ஜிப்ரலினுக்குக் கடிவாளம் போடுகிறது. பயிர் நீளாமல், சேமிப்பைக் காத்து, இரண்டு வாரம் வரை மூச்சடக்கிக் கிடந்து, நீர் வடிந்ததும் துளிர்க்கிறது. நம்ம பாஷையில் சொன்னால், ஒரே சிக்னல். ஒன்று ஆக்சிலேட்டர், மற்றது பிரேக். எது சரி என்பதை வெள்ளம்தான் தீர்மானிக்கும்.

இந்த மரபணுவை வழக்கமான கலப்பு முறையிலேயே சேர்த்து, 2009-ல் சுவர்ணா-சப்1 வந்தது. பிறகு நம் டெல்டாவுக்கு சி.ஆர்.1009 சப்1. அப்பா இப்போது பள்ளக்கால் வயலில் அதைத்தான் போடுகிறார்.

ஒன்று சொல்லி முடிக்கிறேன். அந்த வருடம் படிப்பை விட்டுவிட்டு வேலைக்குப் போக மூட்டை கட்டினேன். அறைத் தோழர்கள் ஆறு பேர் சொல்லாமல் கொள்ளாமல் என் செமஸ்டர் கட்டணத்தைக் கட்டிவிட்டார்கள். காதைக் கடித்தவனும் அதில் ஒருவன். இன்றைக்கும் விடுதியில் அப்படி ஒரு பையனோ பெண்ணோ இருக்கலாம். அவர்களுக்கென நம் சங்கத்தில் ஒரு நிதி தொடங்குவோம். முதல் தொகை என்னுடையது. வெள்ளம் வடியும்வரை தாங்கிக்கொண்டால் போதும், துளிர்த்துவிடுவார்கள்.