தேர்வு பயமும் நம் பிள்ளைகளும்



தேர்வு நாள் காலையில் பிள்ளை வயிற்றுவலி என்றால், "நடிக்காதே" என்று அதட்டுகிறோம். பெரும்பாலும் அது நடிப்பன்று. பயம் வயிற்றிலும் வலியாய் வரும். பொதுத்தேர்வில் மாநில முதலிடம் அறிவிப்பதை அரசே 2017-இல் நிறுத்திவிட்டது. நாமோ இன்னும் திண்ணையில் உட்கார்ந்து பக்கத்து வீட்டு மதிப்பெண்ணை விசாரிக்கிறோம்! நம்மூர்ச் சிற்பிகள் வாகை மரத்தின் போக்கறிந்தல்லவா உளி வைக்கிறார்கள்?

இரவில் அருகமர்ந்து, "என்ன பயம், சொல்லு சாமி" என்று கேட்போம். குறுக்கே பேச வேண்டாம். பள்ளிக்கு அனுப்பாமல் நிறுத்தினால் பயம் வளரும். வாசல்வரை கூடவே போவோம். தூக்கமும் சாப்பாடும் நாள்கணக்கில் கெட்டால் மருத்துவரிடம் காட்டுவோம். 2022 முதல் 14416 என்ற இலவச எண்ணும் இருக்கிறது. தமிழிலேயே பேசலாம், எந்நேரமும்.