கடலுக்கடியில் சாக்குச் சொல்ல முடியுமா?



பள்ளிப் பிள்ளை பாடம் படிக்காமல் வகுப்புக்குப் போனால் ஆசிரியர் கண்டிப்பார். பெற்றோருக்கும் தகவல் போகும். நாற்பத்தைந்து வயது மனிதர் பாடம் படிக்காமல் வகுப்புக்கு வந்தால் அவரை யார் கண்டிப்பது? இதுதான் இன்றைய பேச்சின் பொருள்.

கணினி வகுப்புக்கோ சமையல் வகுப்புக்கோ ஆயத்தமின்றிப் போனால் நட்டம் கட்டணத்தோடு போய்விடும். முக்குளிப்பு வகுப்பு அப்படியல்ல. காற்றுக் கலனை முதுகில் சுமந்து, கடலுக்கடியில் சுவாசிக்கக் கற்றுத் தரும் 'ஸ்கூபா டைவிங்' வகுப்பில் படிக்காமல் வருபவர் தம் உயிரையும் பிறர் உயிரையும் பணயம் வைக்கிறார்.

மலேசியர்களுக்கும் சிங்கப்பூரர்களுக்கும் இது எட்டாத விளையாட்டு அல்ல. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த பிறகு, ஏறக்குறைய மார்ச் முதல் அக்டோபர் வரை தியோமான், ரெடாங், பெர்ஹெந்தியான் தீவுகளில் முக்குளிப்புக் கூட்டம் களைகட்டும். தொடக்கநிலைச் சான்றிதழ் பெற்றவர் 18 மீட்டர் ஆழம்வரை இறங்கலாம். அதற்கு மூன்று கட்டங்கள் உண்டு. முதலில் பாடம், அடுத்து நீச்சல் குளத்தில் பயிற்சி, கடைசியில் கடலில் நான்கு முறை இறங்குதல். முன்பெல்லாம் பாடத்தை வகுப்பறையில் உட்காரவைத்து நடத்தினார்கள். இப்போது அதைக் கைத்தொலைபேசியிலேயே படித்து முடித்துவிட்டு வரலாம். சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது.

"அண்ணே, பாடத்தை முடிச்சிட்டீங்களா?"

"எங்க தம்பி, வேலையே சரியா இருக்கு. நீங்க சொல்லுங்க, நான் பிடிச்சுக்கிறேன்."

நீச்சல் குளக்கரையில் அடிக்கடி கேட்கும் பேச்சு இது. கேட்கும் பயிற்றுநருக்கு வயது இருபத்தெட்டு இருக்கும். பதில் சொல்பவர் அலுவலகத்தில் பத்துப் பேருக்கு மேலாளர். வயதில் மூத்தவரை நாலு பேர் முன்னால் கண்டிக்க நம் பழக்கம் இடம் கொடுப்பதில்லை. விடுப்பு எடுத்தாகிவிட்டது, பணம் கட்டியாகிவிட்டது, தீவில் அறையும் எடுத்தாகிவிட்டது. தம்பி தலையாட்டிவிடுகிறார்.

நிலத்தில் இந்த ஏற்பாடு ஓடும். தெரியாததை அப்போதைக்கப்போது கேட்டுக்கொள்ளலாம். தண்ணீருக்கடியில் வாய் திறந்து பேச வழியில்லை. மேலே சொல்லி வைத்ததுதான் கீழே துணைக்கு வரும்.

ஓர் எளிய உதாரணம் பாருங்கள். 'நலமா?' என்று பயிற்றுநர் சைகையில் கேட்கிறார். படிக்காமல் வந்தவர் கட்டைவிரலை உயர்த்திக் காட்டுகிறார். நிலத்தில் அதற்கு 'அருமை' என்று பொருள். முக்குளிப்பில் அதற்கு 'மேலே போகவேண்டும்' என்று பொருள். கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் வட்டமாகச் சேர்த்துக் காட்டுவதுதான் 'நலம்' என்பதற்கான சைகை. நலமாக இருப்பவர் மேலே போகவேண்டும் என்கிறாரா, ஆபத்தில் இருப்பவர் உதவி கேட்கிறாரா? பயிற்றுநர் எப்படிக் கண்டுபிடிப்பார்?

மூச்சைப் பிடித்தால் ஆபத்து

அடுத்தது மூச்சு. 'மூச்சைப் பிடித்துக்கொண்டு முங்கு' என்றுதான் ஆற்றிலும் குளத்திலும் நமக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். மன்னார் வளைகுடாவில் முத்துக் குளித்தவர்களும் மூச்சடக்கித்தான் இறங்கினார்கள். அவர்களுக்கு அது சரி. மேலே இழுத்த காற்றோடு இறங்கி, அதே காற்றோடு மேலே வந்தார்கள்.

ஸ்கூபாவில் அது உயிருக்கே ஆபத்து. 10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் மேற்பரப்பில் இருப்பதைப்போல் இரு மடங்கு. அந்த அழுத்தத்துக்கு ஏற்ற காற்றைத்தான் கலன் தருகிறது. அங்கே நுரையீரல் நிறையக் காற்றை இழுத்து, மூச்சைப் பிடித்தபடி மேலே வந்தால், அந்தக் காற்று இரு மடங்காக விரியப் பார்க்கும். நுரையீரலில் அதற்கு இடம் ஏது? மார்பளவு நீரிலிருந்து அப்படி எழுந்தாலே நுரையீரல் கிழிய வாய்ப்பு உண்டு. 'எந்த நிலையிலும் மூச்சை நிறுத்தாதே' என்பது பாடத்தின் தலையாய விதி. பதற்றம் வந்தால் உடம்பு பழைய பழக்கத்துக்குத்தான் ஓடும். புதிய விதியை முன்கூட்டியே மனத்தில் ஊன்றி, குளத்தில் பழகியவர்தான் அந்த நொடியில் தப்புவார்.

இறங்கிய பின் பறப்பதற்கும் விதி உண்டு. பல முறை முக்குளித்தவர் விமானம் ஏறுமுன் குறைந்தது 18 மணி நேரம் காத்திருக்க வேண்டும் என்பது பொது வழிகாட்டுதல். உடலில் கரைந்த நைட்ரஜன் வெளியேற அவகாசம் தேவை. செம்பூர்ணாவில் மாலை 4 மணிக்கு நீரைவிட்டு எழுந்து, மறுநாள் காலை 7 மணிக்குத் தாவாவ் விமான நிலையத்தில் புறப்பட்டால் இடைவெளி 15 மணி நேரம்தான். பாடம் படித்தவர் பயணச்சீட்டு வாங்கும்போதே இதைக் கவனித்திருப்பார். நைட்ரஜன் குமிழிகளால் பாதிப்பு வந்தால் அழுத்த அறையில் சிகிச்சை பெறவேண்டும். லுமுட் ஆயுதப்படை மருத்துவமனை போல அந்த வசதி உள்ள இடங்கள் சிலவே. தீவிலிருந்து அங்கே போய்ச் சேரவே பல மணி நேரம் ஆகும்.

மறைக்கக் கூடாத படிவம்

ஆயத்தம் என்பது பாடம் மட்டுமல்ல. பயிற்சிக்கு முன் மருத்துவப் படிவம் ஒன்று தருவார்கள். ஆஸ்துமா, இருதய நோய், நீரிழிவு, இரத்த அழுத்தம் முதலியவை பற்றிய கேள்விகள் அதில் இருக்கும். 'ஆமாம்' என்று எழுதினால் மருத்துவரிடம் அனுப்புவார்கள், பயணம் தள்ளிப்போகும் என்று சிலர் எல்லாவற்றுக்கும் 'இல்லை' என்று எழுதிவிடுகிறார்கள்.

மலேசியாவில் 2019 தேசிய சுகாதார ஆய்வின்படி பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. இந்தியர்களிடையே அந்த விகிதம் மற்ற பெரிய இனத்தவரைவிட அதிகம். ஆகவே இந்தப் படிவம் நம்மவர்களுக்கு வெறும் சடங்கு அல்ல. நீரிழிவு இருந்தாலே முக்குளிக்கக் கூடாது என்பதில்லை. கட்டுப்பாட்டில் இருந்தால் மருத்துவர் அனுமதி தரக்கூடும். அந்த முடிவை எடுக்க வேண்டியவர் மருத்துவர். மாணவர் தாமே எடுத்துக்கொள்ள முடியாது. சளி பிடித்த உடம்போடு இறங்குவதும் இதே வகைதான். காதினுள் அழுத்தத்தைச் சமன்செய்ய முடியாமல் சில மீட்டரிலேயே செவிப்பறை பாதிக்கப்படலாம்.

'என் உயிர், என் விருப்பம்' என்று இதில் வாதாட முடியாது. கடலில் ஒரு பயிற்றுநர் எட்டு மாணவர்கள்வரை அழைத்துச் செல்லலாம். முகக்கவசத்தில் புகுந்த நீரை வெளியேற்றத் தெரியாத ஒருவரையே அவர் பார்த்துக்கொண்டிருந்தால் மற்ற ஏழு பேரை யார் பார்ப்பது? முக்குளிப்பில் ஒவ்வொருவருக்கும் ஒரு துணை உண்டு. தம் காற்று தீர்ந்தால் துணையின் மாற்றுக் குழாயிலிருந்துதான் சுவாசிக்க வேண்டும். அந்தக் குழாய் எங்கே இருக்கிறது என்றே தெரியாதவர் துணையாக வாய்த்தால், ஒழுங்காகப் படித்து வந்தவரின் நிலை என்ன?

பெரியவர்கள் ஆயத்தமின்றி வருவதற்குச் சோம்பல் மட்டும் காரணம் அல்ல. வேலை, குடும்பம் எல்லாம் இருக்கின்றன. அதோடு ஒரு கூச்சமும் இருக்கிறது. இத்தனை வயதுக்குப் பிறகு 'தெரியவில்லை' என்று சொல்ல நா எழுவதில்லை. தொடக்கப் பயிற்சியில் 200 மீட்டர் நீந்தவேண்டும், பத்து நிமிடம் மிதக்கவேண்டும் என்று தெரிந்தும், நீந்தத் தெரியாததை மறைத்துக்கொண்டு வருகிறவர்களின் நிலை இதுதான். அவர்களை ஏளனம் செய்வதில் பயனில்லை. முதலில் நீச்சல் வகுப்புக்குப் போகச் சொல்வதுதான் உதவி.

பயிற்றுநர்களும் துணிய வேண்டும். "அண்ணே, கோவிச்சுக்காதீங்க. இந்த வாரம் வேணாம், படிச்சிட்டு அடுத்த தடவை வாங்க" என்று சொல்வது மரியாதைக் குறைவு ஆகாது. அவர் வீட்டில் காத்திருக்கும் மனைவி மக்களுக்குச் செய்யும் மரியாதை அது. அதைக் கேட்டுப் பணமும் விடுப்பும் போனதே என்று முகம் சுளிக்காமல் திரும்புவது மாணவரின் கடமை.

பதிவு செய்த அன்றே பாடத்தைத் தொடங்குங்கள். படிவத்தில் உண்மையை எழுதுங்கள். நீச்சலை முன்பே பழகுங்கள். புரியாததைக் கரையிலேயே கேட்டுவிடுங்கள். தியோமான் அடுத்த ஆண்டும் அங்கேதான் இருக்கும்.