பாரீஸ் போனாலும் பாக்கி விடாது

கதிர்காமத்துல என் சித்தப்பாவுக்கு ஒரு வீடு இருக்கு. அவர் பாரீஸ்ல. அந்த வீட்டு வாடகையிலதான் எங்க பாட்டியோட மருந்துச் செலவு ஓடுது. போன மாசம் பேசும்போது, "2015-ல வந்த டாக்ஸ் டிமாண்டா? நான்தான் அங்க இல்லையேடா"ன்னு சிரிச்சார்.

எனக்குச் சிரிப்பு வரல. வருமான வரிச் சட்டப்படி, குடியிருக்கிறவருக்கே நோட்டீஸ் கொடுத்து வாடகையைத் துறை வாங்கிக்கலாம். மீறி ஓனருக்குக் கொடுத்தா, அந்தத் தொகைக்குக் குடியிருக்கிறவரே பொறுப்பு. பேங்க் அக்கவுண்ட்டுக்கும் இதே கதைதான்.

சரி, இங்க எதுவுமே இல்லன்னா? வரி வசூல்ல நாடுகள் ஒண்ணுக்கொண்ணு உதவ ஒரு பன்னாட்டு உடன்படிக்கை இருக்கு. இந்தியாவுக்கு அது 2012 ஜூன்ல அமலுக்கு வந்துச்சு. பிரான்ஸும் அதுல உண்டு. இந்தியா கேட்டா, பிரான்ஸ் வசூலிச்சுத் தரலாம். வசூலுக்கான முதல் உத்தரவு வந்து 15 வருஷம் தாண்டிட்டாதான், உதவணும்னு கட்டாயம் இல்ல. இதுக்கு நடுவுல இங்க மாசம் 1 சதவீதம் வட்டி ஏறிட்டே இருக்கும்.

சித்தப்பாவை அன்னைக்கே வருமான வரி போர்ட்டல்ல லாகின் பண்ண வெச்சேன். டிமாண்ட் தப்புன்னா, ஒத்துக்கலன்னு காரணத்தோட அங்கேயே பதில் போடலாம். உங்க வீட்லயும் வெளிநாட்டுல ஒருத்தர் இருந்தா, இன்னைக்கே ஒரு போன் போடுங்க.